எடுத்து வைத்த சோறு

ஒரு தட்டில் சோறு. அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்திருக்கும். பக்கத்தில் குழம்புக் கிண்ணம், அதற்கு ஒரு மூடி. எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய தாம்பாளத்துக்குள் இருக்கும். தாம்பாளத்தில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். காட்டூர் வீட்டு அடுப்படி மூலையில் ராத்திரி எட்டரை மணிக்கு இந்த ஏற்பாடு தெரிந்தால் அந்த வாரம் அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட். காலண்டர் பார்க்க வேண்டியதில்லை.

தண்ணீர் எறும்புக்காக. எங்கள் பக்கத்தில் எறும்புக்குக் கொஞ்சம் செல்வாக்கு அதிகம். தஞ்சாவூர் ரோட்டில் கிழக்கே போனால் திருவெறும்பூர். அங்கே சின்னக் குன்றின்மேல் இருக்கிற சிவனுக்கு எறும்பீசுவரர் என்றே பெயர். தேவர்கள் அசுரனுக்குப் பயந்து எறும்பு உருவில் வந்தார்களாம். லிங்கத்தில் ஏற முடியாமல் வழுக்கியதாம். சுவாமியே புற்றுமண்ணாகிச் சற்றுச் சாய்ந்து கொடுத்தாராம். "சாமியே சாஞ்சு குடுத்துருக்கு, நம்ம எந்த மூலைக்கு?" என்று சொல்லிக்கொண்டேதான் அம்மாச்சி தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றும். எறும்பைக் கொல்லாது, கடக்கவும் விடாது. வாசலில் பச்சரிசி மாவுக் கோலம் போட்டு, "உன் பங்கு அங்க" என்று விட்டுவிடும்.

அப்பா பாய்லர் பிளாண்டில் வெல்டர். செக்கோஸ்லோவாகியா உதவியோடு கட்டி 1965-ல் ஓடத் தொடங்கிய ஆலை அது. அதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் பெரிய தொழிற்சாலை என்றால் பொன்மலை ரயில்வே பட்டறைதான். அது 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. பட்டறைச் சம்பளத்தை நம்பிப் பொன்மலையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை வந்ததுபோல, பாய்லர் சம்பளத்தை நம்பிக் காட்டூரில் வீடுகள் வந்தன. வயலுக்கும் தோப்புக்கும் நடுவே ஓடு போட்ட வீடு, மாடியில்லாத மெத்தை வீடு. எங்களுடையது இரண்டாவது வகை. மொட்டை மாடி இருந்ததால்தான் இந்தக் கதையே.

இரண்டாம் ஷிப்ட் பத்து மணிக்கு முடியும். சைக்கிளில் வந்து, கிணற்றடியில் கைகால் கழுவி, அப்பா உட்காரும்போது பத்தே முக்கால் ஆகிவிடும். நாங்கள் தூங்கியிருக்க வேண்டும். நான் தூங்கியிருக்க மாட்டேன். மேல்தட்டை எடுக்கிற சத்தம் வேண்டும் எனக்கு. உள்பக்கம் வேர்த்திருந்த நீர் ஒரு சொட்டுச் சோற்றில் விழும். "நாக்குல இரும்பு ஒட்டியிருக்கு" என்பார் அப்பா. நாளெல்லாம் வெல்டிங் புகையை விழுங்கிய நாக்கு அது. சப்பென்று எதுவும் பிடிக்காது. அதனால் இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் அம்மாச்சி புளியைக் கொஞ்சம் தூக்கிப் போடும். பகலில் அதையே சாப்பிட்ட எங்களுக்குப் பல் கூசும். வீட்டுச் சமையலின் ருசியை முடிவு செய்தது ஒரு தொழிற்சாலையின் புகை என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

புளிக்குழம்பு மட்டும் போதாது. அதன் தலையில் வடகம் பொரிய வேண்டும்.

வடகம் என்றால் கூழ் வடகம் இல்லை. அரிசிக்கூழ் பிழிந்து காயவைப்பது வேறு, அது குழந்தைகளுக்கு. இது தாளிப்பு வடகம். மாசி முடியும்போதே காந்தி மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் மூட்டையாக வந்து இறங்கும், பெரும்பாலும் பெரம்பலூர்ப் பக்கத்து வெங்காயம். ஈரப்பதம் குறைந்த, கையில் எடுத்தால் சலசலவென்று தோல் பேசுகிற வெங்காயமாகப் பார்த்து வாங்க வேண்டும். பத்துக் கிலோ வாங்கினால் காய்ந்து முடிகையில் ஒரு தூக்குக்குள் அடங்கிவிடும். அம்மா கடைசிவரை இதை நம்ப மறுத்தாள். ஒவ்வொரு வருஷமும், "எங்கம்மா போச்சு அவ்வளவும்?" என்று கேட்பாள். "வெயிலு தின்னுருச்சு" என்பதுதான் பதில்.

நான் எழுதி வைத்த கணக்கு இது. வெங்காயம் ஒரு கிலோவுக்குப் பூண்டு கால் கிலோ, உளுந்து நூறு கிராம், கடுகு ஐம்பது, சீரகம் ஐம்பது, வெந்தயம் இருபத்தைந்து, உப்பு, மஞ்சள் தூள், இரண்டு கை கறிவேப்பிலை, விளக்கெண்ணெய் அரைக் கரண்டி. அம்மாச்சி இப்படிச் சொல்லவே இல்லை. அதனிடம் கேட்டால், "வெங்காயத்தைப் பார்த்துப் போடு" என்றுதான் வரும். வெங்காயத்தைப் பார்த்து எப்படிக் கடுகு போடுவது? ஒரு வருஷம் கோபத்தில் அது ஒவ்வொரு பிடி அள்ளும்போதும் கையைப் பிடித்து நிறுத்தி, தராசில் கொட்டி, ரஃப் நோட்டில் குறித்தேன். எனக்கு அப்போது பதினாறு வயது. அம்மாச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ரேஷன் கடைக்காரி" என்று பெயர் வைத்தது. அந்த நோட்டு மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

வெங்காயத்தையும் பூண்டையும் தோல் சீவி உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். அரைத்துவிட்டால் கெட்டது. ஊறவைத்து ஒன்றும் பாதியுமாக அரைத்த உளுந்தையும் மற்றதையும் சேர்த்துப் பிசைந்து, மண்பானையில் அமுக்கி, வேடுகட்டி ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் பாயில் பரப்பினால் சாயங்காலம் மறுபடி பானைக்குப் போகும், விட்ட தண்ணீர் குடிக்க. இப்படி மூன்று நாள். நாலாம் நாள் விளக்கெண்ணெய் தொட்டு எலுமிச்சை அளவு உருண்டை பிடித்துக் காயப் போடுவோம். அதன்பிறகு தினமும் சாயங்காலம் ஒவ்வோர் உருண்டையையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கி உருட்ட வேண்டும். உருட்டாமல் விட்டால் நடுவில் ஈரம் தங்கிப் பூசணம் பூக்கும். பத்துப் பதினைந்து நாளில் அது கல்லாகும், நிறம் கறுக்கும், வாசனை மட்டும் கூடிக்கொண்டே போகும். காக்கா அண்டாது என்பார்கள். அண்டும். நான் காவலுக்கு உட்கார்ந்த கீற்றுப் பந்தலுக்குத் தெரியும்.

மாடியில் காவலிருந்தால் மேற்கே மலைக்கோட்டை தெரியும். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமி வீட்டு மாடி. மாமி ஸ்ரீரங்கத்துப் பெண், உத்தர வீதியில் பிறந்தவர். மாமாவுக்கும் பாய்லரில்தான் வேலை, ஆபீஸில். அவருக்கு ஷிப்ட் கிடையாது, வெள்ளைச் சட்டை. மாமி வீட்டில் வெங்காயம் பூண்டு நுழையாது. ஆனால் பங்குனி வந்தால் மாமி தன் வீட்டு அப்பளத்தையும் மணத்தக்காளி வற்றலையும் எங்கள் பக்கத்துச் சுவரோரமாகத்தான் காயப் போடுவார். இத்தனை பெரிய மாடியில் அந்த மூலை எதற்கு என்று அம்மா ஒருமுறை கேட்டேவிட்டாள். "இங்கதான் வெயில் நன்னா அடிக்கறது" என்றார் மாமி. வெயில் எல்லாப் பக்கமும் ஒன்றாகத்தான் அடித்தது.

"அம்மாச்சி, வடகம் போட்டாச்சா?" சுவருக்கு மேலே தலை தெரியும்.

"போட்டாச்சு மாமி. மொத நாள் தண்ணி வுட்டுருக்கு."

"மணக்கறது."

அவ்வளவுதான் பேச்சு. ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைத்ததில்லை. சரியாகச் சொன்னால், நாங்கள் அவர் வீட்டில் நனைத்தோம், அவர் எங்கள் வீட்டில் நனைக்கவில்லை. அன்றைக்கு அது யாருக்கும் விசேஷமாகப் படவில்லை. இப்போது எழுதும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

மாமி சொல்லித்தான் பெருமாள் சாப்பாடெல்லாம் எனக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்கு ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்யம் என்று சொன்னபோது அம்மாச்சி கண்ணை அகல விரித்தது. டெல்லியிலிருந்து வந்த பெண்ணாம், அவளுக்குச் சோறு பழக்கமிராதே, அதனால் ரொட்டியாம். "பாரேன், வந்த புள்ளைக்கு அவ ஊருச் சாப்பாடு" என்று அம்மாச்சி மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தது. கல்லணை தாண்டிக் கோவிலடியில் பெருமாளுக்குத் தினமும் ராத்திரி அப்பம், அவர் பெயரே அப்பக்குடத்தான். அதுவும் மாமி சொன்னதுதான்.

அம்மாச்சியும் விடாது. "எங்க சமயபுரத்தா உங்களுக்காகப் பட்டினி கெடக்குறா, தெரியுமா?" என்று எதிர்ப்பாட்டுப் பாடும். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி. பக்தர்கள் அம்மனுக்காக இல்லை, அம்மன் பக்தர்களுக்காக விரதம் இருப்பது. அந்நாளில் அவளுக்குச் சமைத்த நைவேத்யம் இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவைதான். அம்மாச்சியும் ஒருவேளை துள்ளுமாவோடு நிறுத்திக்கொள்ளும். இடித்த பச்சரிசி மாவும் வெல்லமும், அவ்வளவுதான். வயிறு காய்ந்து, மாடியில் வெங்காயம் காய்ந்து, சித்திரை முதல் செவ்வாய்க்கிழமைத் தேர் வரும்போது வடகம் தூக்குக்குள் ஏறிவிட வேண்டும் என்பது அதன் கெடு. ஒரு வருஷமும் தவறியதில்லை.

முதல் ஷிப்ட் வாரத்தில் கதை வேறு. ஆறு மணிக்குள் அப்பா ஆலைக்குள் இருக்க வேண்டும். விடியுமுன் அடுப்பு மூட்டுகிற வீடுகளும் இருந்தன. எங்கள் வீட்டில் பழையது. முந்தின ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்தது, காலையில் புளித்து, இளகி, ஒரு கல் உப்புக்குக் காத்திருக்கும். நீச்சத்தண்ணியை முதலில் ஒரு சொம்பு. பிறகு சோற்றில் மோர் விட்டுப் பிசைந்து, கடிக்கச் சின்ன வெங்காயம். முந்தாநாள் மீன்குழம்பு மிஞ்சியிருந்தால் அதைச் சட்டியோடு அடுப்பில் வைத்துச் சுண்டச் சுண்ட வற்றவைத்து, மீன் இல்லாத அந்தச் சுண்டக்குழம்பை விரலால் தொட்டுக்கொள்வோம். மீன் இருந்த நாளைவிட மீன் போன நாள் ருசி என்று அப்பா சொல்வார். இப்போது சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் சிகிச்சை மருத்துவர்கள் பழைய சோற்றை ஆராய்கிறார்கள் என்று படித்தேன். நல்லது. அம்மாச்சிக்கு அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியிருந்தால், "எவ்வளவு புளிச்சதைக் குடுத்தாங்களாம்?" என்றுதான் கேட்டிருக்கும்.

பழையதில் அதற்கு ஒரே ஒரு மனக்குறை. ஐ.ஆர். எட்டு. 1966-ல் வெளிவந்த அந்த ரகம் தமிழ்நாட்டு வயல்களை எவ்வளவு சீக்கிரம் பிடித்தது என்பதைப் புத்தகங்கள் சொல்லும். விளைச்சல் உண்மை, பசி தீர்ந்ததும் உண்மை. ஆனால் ஆறினால் விறைத்துப் போகிற அரிசி அது. "ராத்திரி முழுக்கத் தண்ணியில கெடந்தும் மனசு எளகலை பாரு" என்று சட்டியைக் காட்டி ஏசும். லால்குடிப் பக்கத்துத் தம்பி வீட்டிலிருந்து அறுவடைக்கு அறுவடை ஒரு மூட்டை பழைய ரகம் வந்தால், அது பழைய சோற்றுக்கு மட்டும். சுடுசோற்றுக்கு ரேஷன் அரிசி. விருந்தாளிக்குக்கூட ரேஷன்தான். நல்ல அரிசியை மறுநாளுக்கென்று ஒதுக்கிய வீடு எங்களுடையது. மற்றவர்கள் வீட்டில் அப்படி நான் பார்த்ததில்லை.

மறுநாளுக்கென்று. இந்த இடத்தில் நான் பென்சில்வேனியாவுக்குப் போக வேண்டியிருக்கிறது.

மகன் நியூஜெர்சியில் இருந்தபோது, ஓர் இலையுதிர் காலத்து ஞாயிறு தவிர்த்த நாளில் லங்காஸ்டருக்குக் கூட்டிப் போனான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடை திறக்க மாட்டார்கள். ஆமிஷ் மக்கள். குதிரை வண்டி, கறுப்புத் தொப்பி, தாடி, பெண்கள் தலையில் வெள்ளைக் குல்லாய். 1693-ல் சுவிட்சர்லாந்துப் பக்கம் யாக்கோப் அம்மான் என்பவர் தனியே பிரிந்ததில் தொடங்கிய கூட்டமாம். வெளியிலிருந்து கம்பி வழியே வரும் மின்சாரத்தை வீட்டுக்குள் விடுவதில்லை. சந்தையில் ஒரு பெண்மணி கடை போட்டிருந்தார். முட்டைக்கோஸ், பீன்ஸ், காலிஃபிளவர் எல்லாம் கலந்து காடியில் ஊறிய ஊறுகாய் ஒரு வரிசை. வெல்லப்பாகு மாதிரி இருந்த மொலாசஸ் ஊற்றிச் சுட்ட ஷூஃப்ளை பை ஒரு வரிசை. நான் அதில் ஒரு துண்டு வாங்கினேன். அதிரசத்தை யாரோ தெரியாமல் ரொட்டிக்குள் வைத்துவிட்டதுபோல இருந்தது. குறை சொல்லவில்லை, இரண்டாவது துண்டும் வாங்கினேன்.

ஓரத்தில் உலர்திராட்சை பை. அதை மகன் கேட்டபோது அந்த அம்மாள் சொன்னதில் எனக்குப் பாதி புரிந்தது, மீதியை அவன் சொன்னான். சாவு வீட்டுக்குக் கொண்டுபோவதாம் அது. புதுப் பழம் எல்லாப் பருவத்திலும் கிடைக்காது, சாவு பருவம் பார்த்து வராது. உலர்திராட்சை எந்த மாதமும் அலமாரியில் இருக்கும். சுட்டுவைத்தால் ஒன்றிரண்டு நாள் கெடாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சுட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் அடுப்பைப் பார்க்க வேண்டாம். நான் அங்கேயே நின்றுவிட்டேன். மகன் காரில் ஏறச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டான். "கால் வலிக்குதாம்மா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாச்சி 1987-ல் ஓர் ஆவணி மாதத்து மத்தியானம் போயிற்று. அப்பாவுக்கு அன்று இரண்டாம் ஷிப்ட், வாசலில் சைக்கிளை எடுத்தவர் திரும்பி வந்தார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பெரியாது. சம்பந்தி வீட்டார் சோறாக்கிக் கொண்டுவர வேண்டும், அவர்கள் மணப்பாறையிலிருந்து வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது. அதற்கு முன்பே, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில், கொல்லைப்பக்கம் மாமியின் குரல் கேட்டது. பித்தளைத் தூக்கு ஒன்றில் குழையக் கரைத்த ரசம் சாதம். நிறைய மிளகு, நெய். வாழைச்சருகில் சுட்ட அப்பளம். "கொழந்தேளுக்குக் குடு. நீயும் ரெண்டு வாய் போட்டுக்கோ" என்று தூக்கைச் சுவர்மேல் வைத்தார். "பாத்திரம் திரும்ப வேண்டாம்."

சாவு வீட்டுக்குள் போன பாத்திரத்தை ஆசாரத்துக்காகத் திரும்ப வாங்கவில்லையா, அந்த நேரத்தில் பாத்திரம் விளக்கும் வேலையை எங்களுக்கு வைக்கக்கூடாது என்றா? நான் கேட்கவே இல்லை. இரண்டுமாகவே இருக்கலாம். தூக்கு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அந்த வருஷத்து வடகம் முழுசாக இருந்தது, அம்மாச்சி பங்குனியில் உருட்டியது. அம்மா அதை எண்ணி எண்ணிச் செலவு செய்தாள். ஓர் உருண்டையை உதிர்த்தால் நான்கு தாளிப்பு. மத்தால் கடைந்த கீரைக்கு, கத்தரிக்காய் போட்ட புளிக்குழம்புக்கு, எப்போதாவது வெறும் தேங்காய்த் துவையலுக்கு. இரண்டு வருஷம் வந்தது. கடைசி உருண்டை எது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை கீரையில் போயிருக்கிறது. நாங்கள் அதைச் சாப்பிட்டு, தட்டு கழுவி, ஒளியும் ஒலியும் பார்த்துவிட்டுத் தூங்கியிருக்கிறோம். அடுத்த வாரம் அம்மா தூக்கைக் கவிழ்த்துக் காட்டினாள், கொஞ்சம் கடுகு மட்டும் உதிர்ந்தது.

அதற்கப்புறம் ரஃப் நோட்டு. முதல் வருஷம் பூசணம். இரண்டாம் வருஷம் கசப்பு. வெந்தயம் ஐம்பது என்று என் கையெழுத்தை நானே தப்பாகப் படித்திருந்தேன். மூன்றாம் வருஷம் அப்பா மேல்தட்டை எடுத்து, குழம்பை ஊற்றி, ஒரு வாய் போட்டு, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றினார். அவருக்கு அப்போது ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் பாக்கி.

மாமா ஓய்வு பெற்றதும் அவர்கள் காட்டூர் வீட்டை விற்றுவிட்டு ஸ்ரீரங்கம் போய்விட்டார்கள். மாமா இல்லை இப்போது. மாமி மகனோடு அடுக்கு மாடியில் இருக்கிறார், வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். போன மார்கழியில் போயிருந்தேன். கூடாரவல்லி, மார்கழி இருபத்தேழு. தெருவெல்லாம் நெய் வாசனை. வீட்டில் மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார். கிண்ணத்தின் மேல் ஒரு தட்டு கவிழ்த்திருந்தது.

"நீ வருவேன்னு எடுத்து வெச்சேன். மாட்டுப்பொண் பண்ணினது. பால் கொஞ்சம் கம்மி. குக்கர்ல வெச்சா பால் எப்படி வத்தும் சொல்லு."

அக்கார அடிசில். பச்சரிசியும் கொஞ்சம் பாசிப்பருப்பும் தண்ணீரே இல்லாமல் பாலிலேயே வெந்து, பிறகு வெல்லம், பிறகு நெய். வெங்கலப் பானையில் ஒரு படி அரிசிக்கு ஐந்தாறு படி பால் விட்டு மாமி கிண்டிய காலத்தில், முழங்கை வழியே நெய் வழிந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதில் நெய் உறைந்திருந்தது. பால் கொஞ்சம் கம்மிதான். வழித்துச் சாப்பிட்டேன்.

பிறகு பையிலிருந்து தூக்கை எடுத்தேன். புளி போட்டுத் துலக்கியிருந்தேன்.

மாமி பார்த்தார். "இது எங்காத்துத் தூக்குன்னா?"

"ஆமாம் மாமி."

மூடியைத் திறந்தார். உள்ளே பத்து உருண்டை, போன பங்குனியில் போட்டது. கொஞ்ச நேரம் மூடியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். கூடம் முழுக்க மணம் வந்துவிட்டது. எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார். ஓர் உருண்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கி உருட்டியிருக்கணும்."

"அம்மாச்சி கை வரலை மாமி."

"வராது." அந்த ஒன்றை மட்டும் முந்தானை நுனியில் வைத்து, காசு முடிவதுபோல முடிந்துகொண்டார். மற்ற ஒன்பதையும் ஒரு காகிதத்தில் சுற்றி என்னிடமே கொடுத்தார். "ஆத்துல தெரிய வேண்டாம். இவா பூண்டு வாசனைன்னு ரகளை பண்ணுவா."

தூக்கைக் கழுவித் துடைத்தார். வாங்கிக்கொள்ளத்தான் போகிறார் என்று நினைத்தேன். திரும்ப அடுக்களைக்குப் போய், மிச்சமிருந்த அக்கார அடிசிலை அதில் வழித்துப் போட்டு, மூடி என் கையில் கொடுத்தார். "வெறும் பாத்திரமா குடுக்கப்படாது. உங்காத்துக்காரருக்கு எடுத்துண்டு போ."

சத்திரத்தில் பஸ் மாறி வீடு வந்தபோது ஒன்பது மணி. அவர் டி.வி. முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார், எழுப்ப மனசு வரவில்லை. அடுப்படியில் விளக்கைப் போட்டேன். தாம்பாளத்தை எடுத்து, இரண்டு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி, நடுவில் தூக்கை வைத்தேன்.